ஒரே மேசையில் உட்கார்ந்து வரைவது: ஆட்டிசம் உள்ள கலைஞர்களும் அவர்களின் குழுக்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டிசம் (பழகுவதும் கவனிப்பதும் புலன்களால் உணர்வதும் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருக்கும் பிறவி இயல்பு) உள்ளவர்கள் கூடி வரையும், களிமண் பிசையும், தைக்கும், ஒட்டும் குழு ஒன்றில் பல வருடங்களாக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள், கண்காட்சி நடத்துகிறவர்கள் எல்லோரும் எங்களிடம் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளும். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

ஆட்டிசம் உள்ளவர்கள் தனியாக இருக்கத்தானே விரும்புவார்கள்? அவர்களுக்கு எதற்குக் குழு?

தனியாக இருக்கும் நேரம் நிறைய வேண்டும், உண்மைதான். அதற்காக யாருமே வேண்டாம் என்று ஆகிவிடாது. பலர் ஒதுங்கிப் போவதற்குக் காரணம் மனிதர்களைப் பிடிக்காதது இல்லை. பழகப் போகும் இடத்திலெல்லாம் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டு, திருத்தப்பட்டு, கேலிக்கு ஆளாகி அலுத்துப்போயிருப்பார்கள்.

டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர், தானே ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரின் மனம் புரியவில்லை என்கிறோமே, மற்றவருக்கு மட்டும் ஆட்டிசம் உள்ளவரின் மனம் புரிகிறதா என்று அவர் கேட்டார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. பழி மட்டும் ஒரு பக்கம் விழுகிறது. 2020-இல் கேத்தரின் கிராம்ப்டனும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எட்டு எட்டுப் பேராக வரிசைகள் அமைத்து, ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசையிலும், ஒருவருமே ஆட்டிசம் இல்லாத வரிசையிலும் கதை ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கடைசி ஆள்வரை போய்ச் சேர்ந்தது. இரு தரப்பும் கலந்திருந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது.

அதனால்தான் குழு. தன்னைப் போன்றவர்களோடு இருக்கும்போது தன்னை மற்றவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய வேலை குறைகிறது. கண்ணைப் பார்க்கிறோமா, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தோமா என்று கணக்கு வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் செலவாகிற சக்தி முழுவதும் வரைவதற்குக் கிடைக்கிறது.

சரி, ஆனால் பேசிக்கொள்ளாமல் எப்படி நட்பு உண்டாகும்?

எங்கள் மேசையில் நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர் வண்ணத்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து அடுக்குவார். கத்தரிக்கோல் தொடமாட்டார், கிழியும்போது வரும் சத்தமும் வெள்ளையாகத் தெரியும் ஓரமும்தான் அவருக்கு முக்கியம். பக்கத்தில் இருப்பவர் ஊதா நிறத்தில் நூல் கோத்துக்கொண்டிருப்பார். நாற்பது நிமிடம் ஒரு வார்த்தை இருக்காது. அப்புறம் பார்த்தால், கிழித்த தாள்களில் ஊதா மட்டும் தனியாக ஒரு கட்டாக நகர்ந்து நூல்காரர் பக்கம் வந்திருக்கும். அவர் அதை எடுத்துத் துணியோடு சேர்த்துத் தைத்துவிடுவார். நன்றி, பரவாயில்லை எதுவும் கிடையாது. அடுத்த வாரம் கிழிப்பவர் ஊதாத் தாளையே அதிகம் கொண்டுவருவார்.

நேருக்கு நேர் உட்கார்ந்து 'எப்படி இருக்கீங்க' என்று தொடங்குவது பழகுவதில் ஒரு வகை. இருவரும் ஒரே திசையில் ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டு பழகுவது இன்னொரு வகை. டைனா மரே, வென் லாசன், மைக் லெஸ்ஸர் மூவரும் 2005-இல் எழுதிய கட்டுரை ஒன்று ஆட்டிசத்தைக் கவனத்தின் அமைப்பாக விளக்குகிறது: பல விஷயங்களில் மெல்லிதாகப் பரவும் கவனத்துக்குப் பதிலாக, ஒரு சிலவற்றில் ஆழமாக இறங்கும் கவனம். அப்படி இறங்கியிருப்பவரை வெளியே இழுத்துப் பேச வைப்பது அவருக்குக் கஷ்டம். அவர் இறங்கியிருக்கும் இடத்துக்கே நாம் போனால் கதவு தானாகத் திறக்கும். கலை அந்த இடமாக இருப்பவர்களுக்குக் கலைமேசைதான் சந்திக்கும் இடம்.

இதைத்தானே கலைச் சிகிச்சை என்கிறார்கள்?

இல்லை. கலைச் சிகிச்சைக்கு அதற்கான படிப்பு, சிகிச்சையாளர், ஒரு நோக்கம் உண்டு. அது தேவைப்படுகிறவர்களுக்கு நல்லது, நான் குறைசொல்லவில்லை. ஆனால் ஆட்டிசம் உள்ளவர் பென்சிலைத் தொட்டாலே அதைச் சிகிச்சை என்று பார்க்கிற பழக்கத்தை விட வேண்டும். மற்றவர் வரைந்தால் ஓவியம், இவர் வரைந்தால் பயிற்சி என்றால் என்ன நியாயம்?

குழுவுக்கு வருகிறவர் கலைஞராக வருகிறார். படம் சரியாக வந்ததா, இந்த நீலம் போதுமா, தாள் தாங்குமா என்பவைதான் இங்கே பேச்சு. மனசு லேசாகிறது, தூக்கம் நன்றாக வருகிறது என்று சிலர் சொல்வார்கள். சந்தோஷம். ஆனால் 'சமூகத் திறன் கூடியதா' என்று மதிப்பெண் போடும் தாளை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. அந்தத் தாள் அறைக்குள் வந்த அன்றைக்கே அது வகுப்பாகிவிடும்.

ஆட்டிசம் இருந்தால் அபாரமான ஓவியத் திறமை இருக்கும் என்கிறார்களே?

ஸ்டீபன் வில்ட்ஷயரைப் பார்த்துவிட்டுப் பலர் இதைக் கேட்கிறார்கள். லண்டனில் 1974-இல் பிறந்தவர். ஹெலிகாப்டரில் ஒரு முறை சுற்றிவிட்டு, நினைவிலிருந்தே நகரத்தை வரைகிறவர். 2005-இல் டோக்கியோவை 10 மீட்டர் நீளத் தாளில் வரைந்தார். அவர் அபூர்வமானவர், ஆட்டிசம் உள்ளவர்களிலும் அபூர்வமானவர்தான்.

அவரை அளவுகோலாக்கினால் இரண்டு பேர் பாதிக்கப்படுகிறார்கள். சாதாரணமாக, சந்தோஷமாக வரைகிற பிள்ளை 'உன்னிடம் மறைந்திருக்கும் திறமை எங்கே' என்ற எதிர்பார்ப்பைச் சுமக்கிறது. உண்மையிலேயே திறமை உள்ளவரோ காட்சிப்பொருள் ஆகிறார்; ஞாபகசக்தியை வியக்கிறவர்கள் அவருடைய கோட்டைப் பார்ப்பதே இல்லை. வில்ட்ஷயரின் படங்களில் எனக்குப் பிடித்தது ஜன்னல்களின் எண்ணிக்கை சரியாக இருப்பது அல்ல. கோடு தயங்காமல் ஓடுகிற விதம்.

இப்படிப்பட்ட குழுக்கள் உலகத்தில் வேறு எங்கே இருக்கின்றன?

நிறைய இடங்களில், அதுவும் நீண்ட காலமாக. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளைப் பெரிய காப்பகங்களில் அடைத்து வைத்திருந்த காலம் முடிந்துகொண்டிருந்தபோது, வெளியே வந்தவர்களுக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி வந்தது. கலிபோர்னியாவில் ஃபுளோரன்ஸ் லுடின்ஸ்-கேட்ஸ், எலியாஸ் கேட்ஸ் தம்பதியர் 1974-இல் தங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் மேசை போட்டு உட்காரவைத்தார்கள். அதுதான் ஓக்லாந்தில் இருக்கும் கிரியேட்டிவ் குரோத் என்ற கலைக்கூடம். பழைய கார் பழுதுபார்க்கும் கூடம் ஒன்றுக்கு மாறி, ஐம்பது வருடம் தாண்டியும் நடக்கிறது. வளர்ச்சிசார் குறைபாடுகள் உள்ள பலரும் அங்கே வரைகிறார்கள். ஆட்டிசம் உள்ள டான் மில்லர் அவர்களில் ஒருவர். அவர் சொற்களையும் எண்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக, படிக்க முடியாத அளவுக்கு எழுதிக்கொண்டே போவார். கடைசியில் அது ஒரு மேகம் போல் திரளும். அவருடைய படைப்புகள் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2017-இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியிலும் இடம்பெற்றார். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலும் அதே 1974-இல் ஆர்ட்ஸ் புராஜெக்ட் ஆஸ்திரேலியா என்ற கலைக்கூடம் தொடங்கியது. தொடங்கியவர் ஓர் அம்மா, மைரா ஹில்கன்டார்ஃப்.

இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் ஊரில் 1997-இல் தொடங்கிய புராஜெக்ட் ஆர்ட் ஒர்க்ஸ் என்ற குழு, 2021-இல் பிரிட்டனின் முக்கியக் கலைப் பரிசான டர்னர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. அந்த ஆண்டு பட்டியலில் இருந்த ஐந்துமே தனிநபர்கள் அல்ல, குழுக்கள். பரிசு வேறு குழுவுக்குப் போனது. ஆனால் 2025-இல் டர்னர் பரிசையே வென்றார் நெனா கலு. கிளாஸ்கோவில் பிறந்தவர், ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளவர், பேச்சு மிகக் குறைவு. துணி, வீடியோ டேப், பிளாஸ்டிக் தாள் இவற்றைச் சுற்றிச் சுற்றிக் கட்டிப் பெரிய வண்ணப் பொதிகளாகத் தொங்கவிடுவார். தாளில் வரையும்போது கை எட்டும் தூரம்வரை வட்டம் வட்டமாகச் சுழி போடுவார். ஒன்று வரைந்தால் அதற்கு இணையாக இன்னொன்றும் பக்கத்தில் வரும். லண்டனில் ஆக்‌ஷன்ஸ்பேஸ் என்ற அமைப்போடு 1999 முதல் வேலைசெய்கிறார்.

இந்த 1999-ஐ கவனியுங்கள். பரிசு வருவதற்கு முன் இருபத்தைந்து வருடத்துக்கு மேல், இடமும் பொருளும் கூட இருந்த மனிதர்களும் அவருக்கு இருந்திருக்கிறார்கள். 'திடீரென்று கண்டுபிடிக்கப்பட்ட மேதை' என்று எழுதும் செய்திகள் இதைத்தான் விட்டுவிடுகின்றன.

ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் குழு, மற்றவர்கள் அவர்களுக்காக நடத்தும் குழு – இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

முடிவெடுப்பது யார் என்பதுதான் வித்தியாசம். எந்த நேரம் கூடுவது, யாருடைய படம் சுவரில் ஏறும், பணம் எதற்குப் போகும் என்று பேசும்போது ஆட்டிசம் உள்ளவர்கள் அந்த அறையில் இருக்கிறார்களா?

ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர் போன்றவர்கள் 1992-இல் ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1996 முதல் ஆட்ரீட் என்று வருடாந்திரச் சந்திப்பு நடத்தினார்கள், ஆட்டிசம் உள்ளவர்களே, தங்கள் வசதிப்படி. அங்கே பிறந்த ஒரு சின்ன ஏற்பாடு இன்றைக்கு உலகம் முழுக்கப் புழங்குகிறது: நிற அட்டைகள். சிவப்பு அணிந்திருந்தால் இப்போது யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும். பச்சை என்றால், பேச ஆசைதான், தொடங்கத்தான் வரவில்லை, நீங்களே வந்து தொடங்குங்கள். இதை வெளியிலிருந்து ஒருவர் யோசித்திருப்பாரா? அந்தப் பச்சை அட்டை தனக்கே தேவைப்பட்டவர்தான் அதை யோசிக்க முடியும்.

மற்றவர்கள் நடத்தும் குழு தப்பு என்று சொல்லவில்லை. மேலே சொன்ன பல அமைப்புகள் அப்படித் தொடங்கியவைதான். அங்கேயும் ஒரு இடத்திலாவது தொடங்கலாம்: பொருள் வாங்கும் பட்டியலை உறுப்பினர்களே போடட்டும். அப்புறம் கண்காட்சித் தேர்வு. அப்புறம் கணக்கு வழக்கு.

ஒரு குழு தொடங்கப் போகிறேன். இடம் எப்படி இருக்க வேண்டும்?

இதுதான் எனக்கு மிகப் பிடித்த கேள்வி. ஏனென்றால் பாதிப் பிரச்சினை அறையிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் வெளிச்சம். பழைய வகை டியூப்லைட்டின் துடிப்பு பெரும்பாலானவர்கள் கண்ணில் படாது. சிலருக்கு அது தலையைப் பிளக்கும். ஜன்னல் வெளிச்சம் போதுமானால் விளக்கை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மேசைக்கு மேசை தனி விளக்கு வையுங்கள், அவரவர் போடவும் அணைக்கவும். அடுத்தது சத்தம். மின்விசிறியின் கிறீச், நாற்காலி தரையில் இழுபடுவது, குழாய்ச் சொட்டு. நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் துண்டு ஒட்டினால் அறையே மாறிவிடும். பின்னணியில் பாட்டுப் போடாதீர்கள். இதமான பாட்டாயிற்றே என்பீர்கள், உங்களுக்கு இதம். வேண்டியவர் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொள்வார்.

வாசனையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டர்பன்டைன், ஸ்பிரிட் மார்க்கர், சில பசைகள் ஒருவருக்குத் தலைசுற்றல் தரும். தண்ணீரில் கரையும் வண்ணங்களோடு தொடங்குங்கள். நடத்துபவர்களும் அன்றைக்கு வாசனைத் தைலம் போடாமல் வரலாம். தொடு உணர்வும் அப்படியே: ஈரக் களிமண்ணை ஒருவர் முழங்கை வரை பூசிக்கொள்வார், இன்னொருவருக்கு அதைப் பார்த்தாலே உடம்பு கூசும். கையுறை, நீளக் கைப்பிடித் தூரிகை, துணி, கம்பி, மரத்துண்டு என்று மாற்று எப்போதும் மேசையில் இருக்கட்டும். புலன் உணர்வில் இப்படிக் கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பது ஆட்டிசத்தின் கண்டறிதல் விதிகளிலேயே 2013-இல் சேர்க்கப்பட்ட விஷயம். அடம்பிடிப்பு என்று நினைக்காதீர்கள்.

இடத்தின் படத்தை முன்கூட்டியே அனுப்புங்கள். எந்த வாசல், செருப்பு எங்கே, கழிப்பறை எங்கே, யார் இருப்பார்கள், எப்போது முடியும் என்று எல்லாமே. முதல் முறை சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லுங்கள். உட்கார்ந்த இடம் அவருடையதாகட்டும். அடுத்த வாரம் அதே நாற்காலி அதே மூலையில் இருக்க வேண்டும். கதவைத் தாழ்போடாதீர்கள். ஒரு அமைதி மூலை வேண்டும், தண்டனை மூலை போல அல்ல, நல்ல மெத்தையோடு. வட்டமாக உட்காரவைத்து அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பயந்தே வராமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

என் மகன் ஒரே மாதிரிப் படத்தையே வரைகிறான். வேறு ஏதாவது வரையச் சொல்லலாமா?

முதலில் அந்தப் படங்களைத் தேதி வாரியாக வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரே மாதிரி என்று நினைத்ததில் கோட்டின் அழுத்தம் மாறியிருக்கும், சக்கரங்கள் நெருங்கி வந்திருக்கும், ஒரு நிறம் விடைபெற்றுப் போயிருக்கும். அவன் ஏதோ ஒன்றைத் துருவிக்கொண்டிருக்கிறான்.

சியாட்டிலில் கிரெகரி பிளாக்ஸ்டாக் என்ற ஓவியர் இருந்தார், 2023-இல் காலமானார். ஆட்டிசம் உள்ளவர். கிளப் ஒன்றில் 25 வருடம் பாத்திரம் கழுவும் வேலை. அவர் வரைந்ததெல்லாம் வகைப்பட்டியல்கள்: ரம்பங்கள், தொப்பிகள், முடிச்சுகள், பறவைகள், ஒவ்வொன்றிலும் எத்தனை வகை உண்டோ அத்தனையும் ஒரே தாளில் வரிசையாக. 'வேறு ஏதாவது வரை' என்று யாராவது அவரைத் திருத்தியிருந்தால் அந்தத் தாள்கள் நமக்குக் கிடைத்திருக்காது. ஜப்பானில் ஷினிச்சி சவாடா, உடம்பெல்லாம் முள் முள்ளாக இருக்கும் களிமண் உயிரினங்களைச் செய்கிறவர். முள்ளை ஒவ்வொன்றாகக் கையால் உருட்டி ஒட்டுவார். 2013 வெனிஸ் பினாலேயில் அவை வைக்கப்பட்டன. திரும்பத் திரும்பச் செய்வதுதான் அவருடைய முறை.

மகன் வரைவதை மாற்றச் சொல்லாமல், வரையும் பொருள்களை மாற்றி வைத்துப் பார்க்கலாம். பெரிய தாள், கறுப்புத் தாள், தடித்த கிரேயான். எடுத்தால் எடுக்கட்டும். எடுக்காவிட்டால் பேச வேண்டாம்.

கையைப் பிடித்து வரைய உதவலாமா? கொஞ்சம் திருத்தினால் அழகாக வருமே?

கூடாது. அழகாக வருவது உங்கள் படம். பாட்டிலைத் திறந்து கொடுப்பது, தாளை நழுவாமல் டேப் ஒட்டுவது, எட்டாததை எடுத்துத் தருவது உதவி. நிறத்தைத் தேர்ந்தெடுப்பது, கோட்டை நேராக்குவது, 'முடிந்தது' என்று முடிவு செய்வது கலைஞரின் வேலை. கண்காட்சிக்கு நன்றாக இருக்கட்டும் என்று கடைசி நேரத்தில் ஓரங்களைச் சரிசெய்கிறவர்கள் உண்டு. மனம் நல்லதுதான். ஆனால் அந்தப் படத்துக்கு அடியில் யார் பெயரை எழுதுவது?

பேச்சு வராதவர்கள் சேரலாமா? அவர்களுக்குச் சம்மதமா என்று எப்படித் தெரியும்?

சேரலாம். பேச்சு வரவில்லை என்றால் கருத்து இல்லை என்று அர்த்தமில்லை. படம் பார்த்துத் தொடும் அட்டை, டேப்லெட்டில் தட்டினால் பேசும் செயலி, சைகை, தலையசைப்பு, எதுவானாலும் அவருடைய வழியைக் கற்றுக்கொள்வது நம் பொறுப்பு. பதிலுக்குக் காத்திருங்கள். நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம் ஆகலாம். அந்த இடைவெளியில் கேள்வியைத் திரும்பக் கேட்டால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

உடம்பும் பேசும். தாளைத் தள்ளிவிடுகிறார், நாற்காலியைத் திருப்பிக்கொள்கிறார் என்றால் அது பதில்தான். எழுந்து போகிறவரைத் திரும்ப இழுத்து உட்காரவைக்கும் இடத்தில், உட்கார்ந்திருப்பதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. படத்தை மற்றவர்களுக்குக் காட்டலாமா, போட்டோ எடுக்கலாமா என்று ஒவ்வொரு தடவையும் தனியாகக் கேளுங்கள். போன வருடம் சரி சொன்னது இந்த வருடத்துக்குச் செல்லாது.

குழுவில் ஒருவர் கையை உதறுகிறார், ஆடுகிறார், சத்தம் எழுப்புகிறார். நிறுத்தச் சொல்லலாமா?

ஸ்டிம்மிங் எனப்படும் இந்த அசைவுகள் அவருக்கு நிதானம் தருபவை, சந்தோஷத்திலும் வரும். நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒருவருடைய சத்தம் இன்னொருவருக்குத் தாங்கவில்லை என்பதும் நடக்கும், ஆட்டிசம் உள்ளவர்களுக்குள்ளேயே தேவைகள் மோதும். அப்போது யாரையும் குற்றவாளியாக்காமல் இடத்தைப் பிரித்துக் கொடுங்கள்: தூர மேசை, ஹெட்ஃபோன், வேறு நேரம்.

மெல்ட்டவுன் வந்தால், அதாவது எல்லாம் சேர்ந்து தாங்க முடியாமல் அழுகையோ அலறலோ உடைந்து வந்தால், கூட்டம் கூடாதீர்கள். விளக்கைக் குறையுங்கள், பேச்சைக் குறையுங்கள், தொடாதீர்கள், அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் நம்புகிற ஒருவர் அருகில் இருந்தால் போதும். முடிந்தபிறகு விளக்கம் கேட்க வேண்டாம். அடுத்த வாரம் அவருடைய நாற்காலி அதே இடத்தில் இருக்கட்டும்.

பெற்றோர் கூடவே உட்காரலாமா?

குழந்தை என்றால் சரி. வளர்ந்தவர் என்றால் அவரையே கேளுங்கள். பல அம்மாக்கள் வருடக்கணக்கில் ஒரு நிமிடம் விலகாமல் இருந்தவர்கள். வாசலுக்கு வெளியே உட்காருவது அவர்களுக்கும் புதுசு, பயமாகத்தான் இருக்கும். வெளியே ஒரு பெஞ்சும் இரண்டு மூன்று பெற்றோரும் இருந்தால் அங்கேயும் ஒரு குழு தானாக உண்டாகும். அதையும் எண்ணித்தான் நாற்காலி வாங்க வேண்டும்.

எனக்கு முப்பது தாண்டிவிட்டது. ஆட்டிசம் என்று நானாகத்தான் உணர்ந்திருக்கிறேன், மருத்துவச் சான்று இல்லை. வரலாமா?

வாருங்கள். எங்கள் வாசலில் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. பெரியவர்களுக்கான மதிப்பீடு கிடைப்பது பல இடங்களில் கடினம், செலவும் அதிகம். பெண்கள் பலர் சின்ன வயதிலிருந்தே முகமூடி போட்டு, அதாவது தங்கள் இயல்பை மறைத்து மற்றவர்களைப் போல நடந்துகொண்டு பழகியதால் கவனத்துக்கே வராமல் போயிருக்கிறார்கள். அந்த முகமூடியைக் கழற்றி வைக்கும்போது கையும் கொஞ்ச காலம் ஓய்ந்து போகலாம். வரைய வரவில்லை என்றாலும் வந்து உட்காருங்கள். வண்ணத்தை டப்பாவில் அடுக்கிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்தவர்கள் எங்களிடம் உண்டு. யாரும் அவசரப்படுத்தவில்லை.

நேரில் வர முடியாதவர்களுக்கு இணையவழிச் சந்திப்பு போதுமா?

பலருக்கு அதுதான் வசதி. கேமராவை மேசை பக்கம் திருப்பிவிட்டு, முகம் தெரியாமல், கைகள் மட்டும் தெரிய வரையலாம். பேச வேண்டியதை எழுதிக் காட்டலாம். தபாலில் போகும் ஸ்கெட்ச்புக்கும் அருமையான வழி: ஒருவர் இரண்டு பக்கம் வரைந்து அடுத்தவருக்கு அனுப்ப, அவர் அதற்குப் பதிலாக அடுத்த பக்கங்களை வரைவார்.

கண்காட்சி வைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

திறப்பு விழா என்றால் கூட்டம், ஒலிபெருக்கி, பொன்னாடை, பேச்சு. படம் வரைந்தவரே உள்ளே நிற்க முடியாத விழா எதற்கு? கூட்டம் வருவதற்கு முன் அமைதியான ஒரு மணி நேரத்தைக் கலைஞர்களுக்கும் அவர்கள் அழைத்தவர்களுக்கும் ஒதுக்குங்கள். விழாவுக்கு வராமல் இருக்கும் உரிமையும் வேண்டும்.

படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பில் கலைஞரின் பெயர், தலைப்பு, என்ன பொருளில் செய்தது, எந்த ஆண்டு என்பதை முதலில் போடுங்கள். மற்ற ஓவியர்களுக்கு அப்படித்தானே போடுகிறோம்? ஆட்டிசத்தைக் குறிப்பிடலாமா என்பது அவர் முடிவு. சிலர் பெருமையாகச் சொல்வார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். 'குறையை வென்ற கலைஞர்' என்று எழுதவே எழுதாதீர்கள். அவர் எதையும் வெல்ல வரவில்லை, தன் மூளை பார்ப்பதை அப்படியே வரைந்திருக்கிறார்.

படம் விற்றால் பணம் யாருக்கு?

கலைஞருக்கு. கூடமோ குழுவோ ஒரு பங்கு எடுத்துக்கொள்வது எல்லாக் கலைஞர்களுக்கும் உள்ள நடைமுறைதான். பாதிக்குப் பாதி என்பது பரவலான வழக்கம். அந்த விகிதத்தை விற்பதற்கு முன்பே, எளிய வாக்கியங்களில், தேவையானால் படம் போட்டு எழுதி, அவருக்கு விளங்கும்படி சொல்லுங்கள். பணம் அவர் பெயரில் உள்ள கணக்குக்குப் போகட்டும். உதவித்தொகை வாங்குபவராக இருந்தால் வருமானம் வந்தால் அது குறையுமா என்று முன்பே விசாரிப்பது நல்லது. சில நாடுகளில் குறைகிறது.

படத்தை வாங்கியவருக்குப் படம்தான் சொந்தம். பதிப்புரிமை, எழுதிக் கொடுத்தால் ஒழிய, வரைந்தவரிடமே இருக்கும். நாட்காட்டியில் போடுவது, பையில் அச்சடிப்பது எல்லாவற்றுக்கும் தனி அனுமதி, தனித் தொகை. 'சின்னப் பிள்ளை மாதிரிதானே, அவருக்கு எதற்குப் பணம்' என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். அவர் வாங்க வந்த படத்தை வரைந்தவருக்கு நாற்பத்தொரு வயது. அந்தப் படத்தை அவருக்கு விற்கவில்லை.

ஏப்ரல் 2 நிகழ்ச்சிக்கு உங்கள் கலைஞர்களை அழைக்கலாமா?

அழைக்கலாம். ஐ.நா. அறிவித்தபடி 2008 முதல் அன்றைக்கு உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். ஆனால் நாங்கள் சில கேள்விகள் கேட்போம். கலைஞர்களுக்குத் தொகை உண்டா? போக்குவரத்து யார் பொறுப்பு? நீல பலூன் நடுவில் நிற்கவைத்துப் போட்டோ எடுப்பதுதான் நிகழ்ச்சியா, அல்லது படங்களைப் பார்க்க நேரம் இருக்கிறதா? ஆகஸ்டிலும் நவம்பரிலும் கூப்பிடுவீர்களா?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் நிறைவேறியது. அதன் 30-ஆவது பிரிவு, அவர்கள் தங்கள் கலைத்திறனை வளர்த்துப் பயன்படுத்த வாய்ப்பு இருக்க வேண்டும் என்கிறது. அவர்களுடைய நன்மைக்காக மட்டுமல்ல, சமூகம் வளம்பெறவும்தான் என்றும் சேர்த்துச் சொல்கிறது. அழைப்பிதழ் எழுதுகிறவர்கள் அதன் இரண்டாவது பாதியையும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தயவு காட்டுகிற மேடையில் நிற்க அவர்கள் வரவில்லை, கொடுக்க வருகிறார்கள்.

குழு தொடங்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும்?

இரண்டு பேர். ஒரு மேசை, வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், யாரும் வராத வாரத்திலும் திறந்திருக்கும் கதவு. முதல் சில மாதம் ஆள் சேராது, அது சகஜம். ஆள் சேர்க்க விளம்பரம் செய்வதைவிட நாளையும் நேரத்தையும் மாற்றாமல் வைத்திருங்கள். எட்டுப் பேருக்கு மேல் வந்தால் அறையைப் பெரிதாக்காமல் இன்னொரு நாள் திறப்பது நல்லது. சத்தம் கூடக் கூட முதலில் வந்தவர்களே நின்றுவிடுவார்கள். பொருள்களுக்கு முதலில் தாள், பென்சில், கிரேயான், பசை, பழைய துணி போதும். மீதியை வருகிறவர்கள் கேட்டபிறகு வாங்குங்கள்.